மூன்றடி தள்ளி

அரபு நாட்டு முசஃபா ஷாபியாவில் என்னோடு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாய் எங்களுடையது இல்லை. போன மாதம்கூட நம் கூட்டாளி ஒருத்தி வாட்ஸ்அப்பில், "உங்க வீட்ல பிரவுன் கலர்ல ஒரு நாய் இருந்துச்சே, அது என்னாச்சு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் நாய் இருந்ததே கிடையாது. என் உம்மா குடியிருந்த வீட்டில் நாய் எப்படி இருக்கும்? அது இருந்தது வாப்பாவின் கடைக்குப் பின்னால். அதுவும் நாலே மாதம்.

நாலு மாதம்தான். ஆனால் நமக்கெல்லாம் நாற்பது நெருங்கி, நான் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்து, என் மகள் அன்றைய என் வயதை எட்டிவிட்ட பிறகும், அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பாசம், ஏக்கம் எல்லாம் பிறகு. முதலில் வருவது எரிச்சல்தான். வாப்பா மேல், உம்மா மேல், அந்த அரபி மேல், எல்லாரையும்விட என் மேல்.

வாப்பா கார் சீட்டுக்கு உறை தைப்பவர். முசஃபாவில் கராஜ்கள் வரிசையாக இருக்கும் தெருவில் கடை. உள்ளே நுழைந்ததுமே பசை வாடை மூக்கில் ஏறும். சுவரோரம் ரெக்சின் சுருள்கள், தரையெல்லாம் மஞ்சள் ஃபோம் தூள், நடுவில் ஒரு பழைய தையல் மெஷின். கிழிந்து தொங்கும் சீட்டை வாப்பா கையில் கொடுத்தால் இரண்டு நாளில் புதுசாக்கிவிடுவார். தையல் போட்ட இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரலால் தடவினால்தான் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வேறு எதிலும் கிடையாது.

கடை லைசென்ஸ் ஓர் அரபியின் பேரில் இருந்தது. அவரை நாங்கள் அர்பாப் என்போம். வாப்பாவுக்கு விசா கொடுத்தவர் அவர். என்னையும் உம்மாவையும் வாப்பா அங்கே வைத்துக்கொள்ள வேண்டுமானால், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒரு கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த வருடம் டிசம்பரோடு எனக்கும் உம்மாவுக்கும் விசா முடிகிறது. இதை நான் சொல்ல மறந்தால் மிச்சக் கதை வெறும் நாய்க் கதையாகிவிடும்.

செப்டம்பரில், கோடை விடுமுறை முடிந்து ஸ்கூல் திறந்த வாரம், அர்பாப் தன் வெள்ளை வண்டியின் பின்கதவைத் திறந்து அந்த நாயை இறக்கினார். லண்டனில் இருந்து யாரோ அவருக்குக் கொடுத்தார்களாம். துப்பாக்கியால் சுட்ட பறவையைத் தேடிப் பிடித்து வாயில் கவ்விக்கொண்டு வந்து கொடுக்கிற சாதி. ஒன்றரை வயது, நல்ல கருப்பட்டி நிறம். அர்பாப்பும் அவருடைய சிநேகிதர்களும் குளிர்காலத்தில் வேறு நாட்டுக்கு வேட்டைக்குப் போவார்கள். அதற்குள் இது பழக வேண்டும். அதன் காகிதத்தில் மூன்று வரி நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. யார் வாயிலும் நுழையவில்லை. நான் கருப்பட்டி என்று வைத்தேன்.

நாய் பழக்குகிறவர் ஊரில் வேறு இல்லையா, சீட் தைக்கிறவரிடம் எதற்குக் கொண்டுவந்தார் என்று கேட்பீர்கள். நாயோடு பயிற்சிக்கென்று போலிப் பறவைகள் நாலைந்து வந்திருந்தன. கித்தான் துணியை உருட்டித் தைத்து, உள்ளே எதையோ அடைத்து, தலை என்று ஒரு ரப்பர் உருண்டை வைத்தது. நாய் இரண்டு நாளில் அவற்றைக் குதறிவிட்டது. அதைத் தைத்துத் தரச் சொல்லித்தான் அர்பாப் வந்தார். வாப்பா அதில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பேரு பறவையா? மொளகா மூட்ட," என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, புதுசாகவே செய்து தருகிறேன் என்று அரபியும் ஹிந்தியும் கலந்து சொன்னார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் செய்த முதல் துணிக் கவுதாரியைப் பார்த்து அர்பாப் அசந்துபோனார். கையில் எடுத்தால் கழுத்து ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. உடம்புக்குள் எடைக்காக, பக்கத்து டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டுகிற ஈயத் துண்டுகளை வாங்கி வைத்திருந்தார். அர்பாப் அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடிவிட்டு, பறவையைச் செய்தவன் நீ, நாயையும் நீயே பழக்கிவிடு என்றார். வாப்பா "ஐவா அர்பாப்" என்றார். சரி முதலாளி என்று அர்த்தம். அந்த மனிதரிடம் வாப்பா வேறு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

போகிற போக்கில் வாப்பா விசா கடிதத்தைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், நாய் ரெடியாகட்டும், எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அர்பாப் வண்டியில் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் வாப்பா வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னது இது: நாய் பழகினால்தான் கையெழுத்து. அர்பாப் சொன்னதும் வாப்பா சொன்னதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது எங்கள் சங்கதியைச் சொல்ல வேண்டும். நாங்கள் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள், மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி மத்ஹபு. எங்களுக்கு நாயின் எச்சில் நஜீஸ், அசுத்தம். பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். அர்பாப்புக்கு அந்தக் கவலையே கிடையாது. அவர்கள் மாலிகி மத்ஹபு, அவர்களுக்கு நாய் சுத்தம்தான். கருப்பட்டி அவர் கையை நக்கும், அவர் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மக்ரிப் தொழப் போவார். வாப்பா முதல் தடவை அதைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு, அவரவர் மத்ஹபு அவரவருக்கு என்று பதில் வாங்கிய பிறகுதான் சமாதானமானார்.

உம்மா முதல் நாளே வாசலில் நின்றுவிட்டார். வாப்பாவின் பேண்டில் ஒரு பழுப்பு முடி ஒட்டியிருந்தது. "கழுவாம உள்ள வராதீங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சொன்ன விதத்தில் நானும் வாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று முதல் வாசலுக்கு வெளியே ஒரு சிவப்பு வாளியும் மண் நிரப்பிய பால் பவுடர் டின்னும் உட்கார்ந்துவிட்டன.

பயிற்சி தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு. கடைக்குப் பின்னால் வேலி ஓரமாக ஒரு காலி மணல்வெளி, உடைந்த பேட்டரிகளும் டயர்களும் கிடக்கும். பக்கத்து கராஜில் வெல்டராக இருந்த புதுக்கோட்டைக்கார அண்ணன் கவுதாரியைத் தூக்கி வீசுவார். வாப்பா நின்று "யல்லா" என்பார். கருப்பட்டி பாயும், மணலில் முகர்ந்து தேடும், தலையைத் தூக்கிக்கொண்டு, பறவை தொங்கத் தொங்க ஓடிவரும். அது வரும் அழகு! வாலும் பின்பக்கமும் சேர்ந்து ஆடும்.

அது நேராக வாப்பாவின் கையைப் பார்த்து வந்தது. வாப்பா என்ன செய்தார் தெரியுமா? பேண்டை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றடி பின்னால் போனார். நாய் நின்றது. இன்னும் ஓரடி வைத்தது. வாப்பா இன்னும் ஓரடி போனார். கடைசியில் அதுவே யோசித்து, கவுதாரியைக் கீழே வைத்தது. "கலாஸ், கலாஸ், குட்," என்று சொல்லிவிட்டு, கோழி வாட்டும் இடுக்கியால் அந்தத் துணிப் பறவையைக் கவ்வித் தூக்கி வாளியில் போட்டார். தினமும் பத்துத் தடவை இதுதான். மூன்றாவது வாரம் வாப்பா நகர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நாயே மூன்றடி தள்ளி நின்று வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

அர்பாப் வந்து பார்த்தார். தேடுகிறது, எடுக்கிறது, ஓடிவருகிறது, எல்லாம் சரி, ஆனால் ஏன் கீழே போடுகிறது என்றார். கையில் கொடுக்க வேண்டும். உயிருள்ள பறவையைக் கீழே போட்டால் அது எழுந்து ஓடிவிடாதா? வாப்பா தலையைச் சொறிந்தார். பிறகு மிக நிச்சயமாகச் சொன்னார், பறவை இன்னும் நிஜமாக இல்லை அர்பாப், துணி என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் மதிக்க மாட்டேன் என்கிறது.

எனக்கு இதை எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

அதற்குப் பிறகு வாப்பா இரண்டாவது கவுதாரி செய்தார். மூன்றாவது செய்தார். அர்பாப்பின் பண்ணையில் கூண்டில் வளர்த்த கவுதாரிகளின் இறகு ஒரு பை நிறைய வந்தது. அவற்றைத் தூண்டில் நரம்பால் வரிசை வரிசையாகக் கோத்துத் தைத்தார். சிவப்பு ஒயரின் மேல்தோலை உரித்துக் காலுக்கு மாட்டினார். உம்மாவின் துப்பட்டாவில் இருந்து கறுப்பு மணி இரண்டைப் பிய்த்துக் கண் வைத்தார். அதற்கு வீட்டில் ஒரு தனிச் சண்டை நடந்தது. ஐந்தாவது கவுதாரிக்கு இறக்கையை விரித்தால் விரியும், விட்டால் மடங்கும். உள்ளே டிரைவர் சீட்டின் மெல்லிய ஸ்ப்ரிங். வாடிக்கையாளர்களின் சீட்டுகள் கடை வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தன. டாக்ஸிக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். வாப்பாவுக்குக் காதில் விழவில்லை. நவம்பரில் ஆறாவதைச் செய்து மேஜையில் வைத்தபோது, டீ கொண்டுவந்த பையன் அதை நிஜமென்று நினைத்துக் கிளாஸை நழுவவிட்டான்.

கருப்பட்டி அந்த ஆறாவதையும் எடுத்துவந்து, மூன்றடி தள்ளி, மிகவும் மரியாதையாக வைத்தது.

இப்போது என் பங்கு. அப்போதெல்லாம் அங்கே வியாழக்கிழமை ஸ்கூல் லீவு. வாப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன், இருட்டும்வரை அங்கேயே இருப்பேன். அஸர் தொழுகைக்கு வாப்பா பள்ளிவாசல் போய்வர இருபது நிமிடம் ஆகும். முதல் வியாழக்கிழமையே நான் நாய் இருந்த கம்பி வலைக் கூண்டின் கதவைத் திறந்துவிட்டேன். கவுதாரியை வீசினேன். கருப்பட்டி கொண்டுவந்தது. எனக்குப் பின்னால் போகத் தோன்றவில்லை. உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். அது என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஒரு கணம் என்னைப் பார்த்தது. பிடித்துக்கொண்டாயா என்று கேட்பது மாதிரி. நான் பிடித்ததும் விட்டது. வெதுவெதுப்பான எச்சில், ஈரத் துணி வாடை, அதன் மூக்கு என் மணிக்கட்டில் பட்ட குளிர்ச்சி. டயர் கடைக் குழாயில் போய் ஏழு தடவை எண்ணிக் கழுவினேன், ஒரு தடவை மணலோடு. பிறகு வாப்பா வந்தார். வாப்பாவுக்கு அது மூன்றடி தள்ளி வைத்தது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இப்படித்தான். ஆள் பார்த்து நடந்துகொள்ள அதற்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கையில், வாப்பாவுக்குத் தரையில்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கே சொல்வது? நாயைத் தொட்டேன் என்று உம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டுக்குள்ளேயே விட மாட்டார் என்று பயந்தேன். அதோடு கடைப் பக்கம் என்னை விடவே மாட்டார்கள் என்று நம்பினேன். போதாக்குறைக்கு நான் ஒரு பொய்யும் சொல்லியிருந்தேன். நாயோடு ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது, எப்படிப் பழக்குவது என்று. வாப்பாவுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் வாசித்துச் சொல்வேன். அதில் ஒரு பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. நாய் கொண்டுவரும்போது ஒருபோதும் பின்வாங்காதீர்கள், குனிந்து இரு கைகளையும் நீட்டி அதன் வாயிலிருந்தே வாங்குங்கள் என்று. வாப்பா அந்தப் பக்கத்தின் படத்தில் விரல் வைத்து, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்றார்.

நான், "நாயைப் பாராட்டணும்னு போட்டிருக்கு வாப்பா," என்றேன். பக்கத்தைத் திருப்பினேன்.

வாயிலிருந்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் இவர் இந்த வேலையே வேண்டாம் என்று நாயைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். பதினோரு வயது. விசாவும் தெரியும், நாயும் தெரியும். இரண்டும் எப்படியோ நடந்துவிடும் என்று இருந்தேன்.

வெல்டர் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார். என்னையும் பார்த்திருக்கிறார், காட்டிக்கொடுக்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் வாப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பின்னால போறீங்கள்ல, அதான் அது கீழ வைக்குது. எனக்கு ஒன்னும் இல்ல, நான் வேணா நின்னு வாங்கிப் பாக்கட்டா?"

வாப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அண்ணன் சொன்னது நாயைப் பற்றி. வாப்பாவுக்கு, உங்களால் முடியாது என்று சொன்ன மாதிரி விழுந்தது. "அர்பாப் என்கிட்டதான் குடுத்தாரு தம்பி. எனக்குத் தெரியும்," என்றார். மறுநாளிலிருந்து அண்ணனுக்கு டூட்டி முடிய நேரமாகிறது என்று ஆகிவிட்டது. கவுதாரியை வாப்பாவே வீசினார், வாப்பாவே மூன்றடி பின்னால் போனார்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அர்பாப்பின் பண்ணைக்குப் போனோம். வேட்டைக்குப் போவதற்கு முன் சிநேகிதர்களுக்கு நாயைக் காட்ட வேண்டுமாம். அவர்கள் முன்னால் நாய்க்கு ஆங்கிலத்தில் கட்டளை சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று என்னையும் வாப்பா கூட்டிப்போனார். புதுக் கையுறை வாங்கி வைத்திருந்தார். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் விசா கடிதம், கையெழுத்துப் போடப் பேனாவோடு. பிக்கப்பில் போகும்போது தானாகவே சொன்னார், "இன்னக்கி என்ன ஆனாலும் கையில வாங்கிரணும்." எனக்குச் சொன்னாரா, காலுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

நல்ல குளிர். பாய் விரித்து அரபிகள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து அரபிக் காப்பியான காவா குடித்துக்கொண்டு இருந்தார்கள். கவுதாரிக் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அர்பாப் சுட்டார். காஃப் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கவுதாரி விழுந்தது. நான் கத்தினேன், கருப்பட்டி பறந்தது. கொஞ்ச நேரத்தில் வாயில் பறவையோடு வந்தது. நிஜப் பறவை, இறக்கையில் மட்டும் அடிபட்டு, கண்ணை உருட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. அதன் மேல் ஒரு பல் படவில்லை. அவ்வளவு பதமாகக் கவ்வியிருந்தது. அரபிகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வாப்பா கையுறை போட்ட கையை நீட்டினார். நன்றாகத்தான் நீட்டினார். நாய் நெருங்கியது. வாப்பாவின் கை முன்னால் இருக்க, கால் மட்டும் பின்னால் போனது. ஓரடி, இரண்டடி, மூன்றடி. கருப்பட்டிக்குப் பழகிய கணக்கு அது. பறவையை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. கவுதாரி இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடி வண்டிக்கு அடியில் புகுந்து முள்ளுக்குள் மறைந்துவிட்டது. சிரிப்பென்றால் சிரிப்பு, ஒருவர் காவாக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டார்.

இன்னொன்றைச் சுட்டார்கள். இந்தத் தடவை கருப்பட்டி வாப்பாவிடம் போகவில்லை. பாதி தூரத்தில் நின்று யோசித்தது. பிறகு திரும்பி நேராக என்னிடம் வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, தலையை உயர்த்தி, என் கையைப் பார்த்துக்கொண்டு வந்தது. வாப்பா என்னைப் பார்த்தார். அர்பாப் என்னைப் பார்த்தார். எனக்கு உம்மா வாசலில் நின்ற முகம் ஞாபகம் வந்தது.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கருப்பட்டி கொஞ்ச நேரம் நின்றது. இன்னும் ஓரடி வந்தது. நான் அசையவில்லை. பறவையை என் காலடியில் வைத்தது, அந்தப் பறவையும் ஓடிவிட்டது. எந்த அடியும் திட்டும் எனக்கு அவ்வளவு வலித்ததில்லை, அது என்னைப் பார்த்த பார்வை வலித்த மாதிரி. இன்றைக்கும் இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அர்பாப் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "மாஃபி முஷ்கில்," பரவாயில்லை என்று வாப்பாவின் தோளில் தட்டினார். நாயை ஒரு சிநேகிதர் தன் பண்ணைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார், அங்கே அதற்கென்று ஆள் இருக்கிறதாம். ஆறாவது கவுதாரியை மட்டும் அர்பாப் கேட்டு வாங்கிக்கொண்டார். வாப்பா சட்டைப்பையில் இரண்டு தடவை கை வைத்தார். இரண்டு தடவையும் எடுக்கவில்லை. நாய் வேறு வண்டியில் ஏறிப் போயிற்று. நாங்கள் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டோம்.

வாப்பா அந்தக் கடிதத்தைக் கடைசிவரை நீட்டவே இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன் என்று உம்மாவிடம் சொன்னார். அரைப் பரீட்சை எழுதிய கையோடு என்னையும் உம்மாவையும் ஊருக்கு விமானம் ஏற்றினார். அதனால்தான் ஜனவரியில் நான் பஸ்ஸுக்கு வரவில்லை. டிசி வாங்கக்கூட வாப்பாதான் தனியாக வந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அங்கேயே தனியாக இருந்தார். வருடத்துக்கு முப்பது நாள் லீவில் வந்து போகிற ஒருவரை வைத்துக்கொண்டு நான் பெரிய மனுஷியானேன், படித்தேன், நிச்சயமும் ஆனேன்.

எல்லாம் முடித்துக்கொண்டு வரும்போது விசாவை ரத்து செய்ய அர்பாப்பின் வீட்டுக்குப் போயிருக்கிறார். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அந்த ஆறாவது கவுதாரி, ஓர் இறகு உதிராமல் உட்கார்ந்திருந்ததாம். அர்பாப் பேச்சோடு பேச்சாக, குடும்பத்தை ஏன் அப்போது அனுப்பிவிட்டாய் என்று கேட்டிருக்கிறார். வாப்பா கையெழுத்தைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் காகிதம், நீ என்னிடம் காகிதமே தரவில்லையே, தந்தால் போட்டிருப்பேனே என்றாராம். வாப்பா இதை எங்களிடம் ஒரு வேடிக்கை மாதிரிச் சொன்னார். உம்மா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

போன ரமலானுக்கு முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் உம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து நகரை மீன் ஆய்ந்துகொண்டு இருந்தார். வாப்பா என் மகளின் ஸ்கூல் பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டு இருந்தார். என்னவோ தோன்றிச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை, இருபது நிமிடம், புத்தகத்தில் போட்டிருந்தது, நான் மறைத்தது, முதுகுக்குப் பின்னால் கட்டிய கை, எல்லாவற்றையும்.

வாப்பா ஊசியை நிறுத்தினார்.

"ஒன் கையில குடுத்துச்சா?"

"ஆமா வாப்பா."

ஜிப்பின் ஓரத்தை விரலால் தடவினார். பதினோரு வருடத்தைப் பற்றி ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். "வாயில கவ்வி அவ்வளவு நாளு இழுத்துச்சே, கவுதாரித் தையல் எங்கயாச்சும் பிரிஞ்சிருந்துச்சா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இருந்தாலும் உண்மையைத்தானே சொல்ல வேண்டும். "ஒன்னுகூடப் பிரியல வாப்பா," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

உம்மா மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "எனக்குப் பயந்தா இத்தனையும்?" என்றார். உம்மாவின் குரல் உயரவே இல்லை. "நாயத் தொடாதீங்கன்னு நான் எப்பச் சொன்னேன்? கழுவிட்டு வாங்கன்னுதான சொன்னேன். தண்ணி கொழாயில வருது, மண்ணு அந்த நாடு பூராக் கெடக்கு. ஏழு தடவ கழுவுனா முடிஞ்சுபோற காரியத்துக்கு, பதினோரு வருசம் என்னத் தனியாக் கெடக்க வச்சீங்களா?"

வாப்பா மெல்ல, "நீ இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றார் உம்மா.